கடிகார மியூசியம் போகிறீர்களா? சாவி கொடுக்கும் நாளைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

கடிகார மியூசியத்துக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், "நிறைய கடிகாரம் இருந்துச்சு சார்." அவ்வளவுதான். கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாகக் கடிகாரங்கள் நின்றுபோய் ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டிருக்கும். அரை மணி நேரத்தில் கால் வலிக்க ஆரம்பிக்கும், பிள்ளைகள் கேன்டீன் எங்கே என்று கேட்கும். பார்க்கப் போனவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சிலையையும் ஓவியத்தையும் பார்க்கிற மாதிரியே கடிகாரத்தையும் பார்க்கப் பழகியிருக்கிறோம். கடிகாரம் ஓடினால்தான் கடிகாரம். ஓடுகிற ஒன்றின் முன்னால் கால் மணி நேரம் நிற்பது, நின்றுபோன முந்நூறை நடந்து முடிப்பதைவிட மேல் என்பது என் கட்சி. அதற்கு எப்படி ஏற்பாடு செய்துகொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் காந்தி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கடிகாரம் பழுதுபார்க்கிறேன். சொந்த ஊர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். அப்பாவுக்கும் இதே தொழில். லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேட்டரி மாற்றவும் ஸ்ட்ராப் மாற்றவும் வருகிறார்கள். மீதிப் பேர் பழைய சாவிக் கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். கடிகாரம் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்பவர்கள் இந்த இரண்டாவது கூட்டம்தான்.

எங்கே போவது

முதலில் பக்கத்தில் ஒன்று. கும்பகோணத்துக்கு அருகே திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் அரைவட்ட வடிவில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. கடலூரிலிருந்து காலை ரயிலில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கே போய், "கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகலையே, தப்பா காட்டுது" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. தப்பு ஒன்றுமில்லை. நம் கையில் ஓடுவது 82.5 பாகை தீர்க்கரேகைக்கான இந்திய நேரம். 1906 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கும்பகோணம் அந்த ரேகைக்கு மேற்கே இருப்பதால் சூரியன் அங்கே வந்துசேரச் சராசரியாக 12 நிமிடம் தாமதமாகும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இந்தத் தாமதம் சுமார் 11 நிமிடம். மதிலில் காட்டுவது அந்த ஊரின் சொந்த நேரம்.

அடுத்தது பெங்களூரு ஜாலஹள்ளியில் உள்ள எச்.எம்.டி. பாரம்பரிய மையம். இரவு பஸ் ஏறினால் விடியற்காலை பெங்களூரு. எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. ஜனதா, பைலட், ஜவான், சோனா, காஞ்சன் என்று பெயர்களைச் சொன்னாலே அறுபது வயதைத் தாண்டியவர்கள் முகம் மாறும். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போக இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது; நீங்கள் விளக்க வேண்டியதில்லை, அவர்கள் உங்களுக்கு விளக்குவார்கள். யாருக்குக் கல்யாணத்தில் எது போட்டார்கள், எதை அடகு வைத்தார்கள் என்பது வரை வந்துவிடும். கூட்டிப்போகும்போது அவர்களுடைய பழைய வாட்சைக் கையில் கட்டிவிடுங்கள்.

ஹைதராபாத் சாலர் ஜங் மியூசியம் ஊரறிந்தது. கல்கத்தா குக் அண்ட் கெல்வி நிறுவனம் விற்ற இசைக் கடிகாரம் அங்கேதான் இருக்கிறது. தாடிக்காரக் கொல்லன் பொம்மை ஒன்று சம்மட்டியால் வினாடி வினாடியாகத் தட்டிக்கொண்டே இருக்கும். மணியாகும் நேரத்தில் இன்னொரு பொம்மை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து மணியை அடித்துவிட்டு உள்ளே போய்விடும். அதைப் பார்க்கப் பெஞ்சு நிறையக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை, மறந்துவிடாதீர்கள். 12 மணிக்குப் பொம்மை 12 தடவை அடிக்கும் என்பதால் கூட்டமும் அப்போதுதான் அதிகம். நான் சொல்வது 11 மணி ஆட்டத்துக்குப் போங்கள். ஒரு அடிதான் குறைவு, நிற்க இடம் கிடைக்கும். 10:45-க்கே போய் உட்கார்ந்துகொண்டு அந்தக் கொல்லனைக் கவனியுங்கள். வெளியே வருகிற பொம்மையைப் பார்க்கத்தான் எல்லோரும் கழுத்தை நீட்டுகிறார்கள். இடைவிடாமல் வேலை செய்கிறவனை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பொம்மை உள்ளே போனதும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் எழுந்திருக்காமல் இருந்தால் அப்புறம் பக்கத்தில் போய் நிம்மதியாகப் பார்க்கலாம். அங்கே கடிகாரங்களுக்கென்று தனி அறையும் உண்டு.

கொடைக்கானல் சூரிய ஆய்வு மையத்தைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அதற்கு ஒரு கதை வேண்டும்.

புதுச்சேரியில் வீட்டுக்கு ஒருவர் பிரான்ஸில் இருப்பார். எனக்கும் அக்கா அங்கேதான். அங்கே சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஐஃபில் கோபுரத்தோடு நின்றுவிடாமல் பாரிஸிலேயே ஆர் எ மெத்தியே மியூசியத்துக்கு ஒரு பகல் ஒதுக்கலாம். ரயிலில் இரண்டரை மணி நேரம் செலவழிக்க முடிந்தால் பெசான்சோன் நகரத்துக்குப் போகலாம். பிரான்ஸின் கடிகாரத் தொழிலுக்குத் தலைநகரம் அது. அங்கே கிரான்வெல் மாளிகையில் காலத்துக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. 1904-இல் முடிக்கப்பட்ட லெருவா 01 என்ற பாக்கெட் கடிகாரத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். நேரம் காட்டுவதோடு இன்னும் பல வேலைகளைச் செய்கிற அதற்கு அந்தக் காலத்தில் போட்டியே இல்லை. "டேய் தம்பி, இவ்வளவு தூரம் வந்து இங்கேயும் கடிகாரமாடா?" என்றாள் அக்கா. ஆனால் கதீட்ரலில் இருக்கிற வானியல் கடிகாரத்தை அவள்தான் அதிக நேரம் பார்த்தாள்.

கிளம்புமுன் வீட்டில் செய்ய வேண்டியது

மியூசியத்தில் சூரியக் கடிகாரமும் நீர்க்கடிகாரமும் முதல் அறையிலேயே இருக்கும். யாரும் நிற்பதில்லை, ஏனென்றால் அவை அங்கே வேலை செய்வதில்லை. அவற்றின் வேலையை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனால் அந்த அறைக்கு உயிர் வந்துவிடும்.

மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேர்க்குத்தாக நட்டு, 11:30-இலிருந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நிழல் எப்போது மிகவும் குட்டையாகிறதோ அதுதான் நம் ஊரின் உச்சிப்பொழுது. சித்திரை முதல் வாரத்தில் செய்தால் 12:11 வாக்கில் வரும். பிப்ரவரி நடுவில் செய்தால் 12:25 ஆகிவிடும், நவம்பர் தொடக்கத்தில் 11:54-க்கே வந்துவிடும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுக்க ஒரே சீராக இல்லாததும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும்தான் காரணம். ஏப்ரல் 21 வாக்கில் மட்டும் இதைச் செய்யப் போகாதீர்கள். அன்று சூரியன் புதுச்சேரிக்கு நேர் தலைக்கு மேலே வருவதால் உச்சியில் நிழலே விழாது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் அதுவும் ஒரு வேடிக்கைதான்.

இன்னொன்று நாழிகை வட்டில். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் மெல்லிய ஆணியால் ஒரு துளை போட்டு, வாளித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். துளை வழியாக நீர் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் கிண்ணம் பொத்தென்று மூழ்கும். அதற்கு 24 நிமிடம் பிடித்தால் அது ஒரு நாழிகை. நாளுக்கு 60 நாழிகை. முதல் தடவையிலேயே 24 நிமிடம் வராது. துளை பெரிதாகிவிட்டால் கொஞ்சம் மெழுகால் அடைத்து மறுபடி போட வேண்டும். மூழ்கியதும் யாராவது எடுத்துத் திரும்ப மிதக்க விட வேண்டும், ராத்திரி முழுக்க. அரண்மனையிலும் கோயிலிலும் நாழிகைக் கணக்கர் என்று ஒரு ஆள் ஏன் தேவைப்பட்டார் என்பது, ஒரு மதியம் இந்தக் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

போன் செய்து கேட்க வேண்டியது

டிக்கெட் விலையையும் விடுமுறை நாளையும் எல்லோரும் கேட்கிறார்கள். அதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தெந்தக் கடிகாரம் ஓட்டத்தில் இருக்கிறது? சாவி கொடுப்பது என்றைக்கு, எத்தனை மணிக்கு?

பெரும்பாலான பழைய சுவர்க் கடிகாரங்களும் நெட்டைப் பெட்டிக் கடிகாரங்களும் எட்டு நாள் ஓட்டம் உள்ளவை. வாரத்துக்கு ஒருமுறை, குறித்த நாளில், ஒரே ஆள் வந்து எல்லாவற்றுக்கும் சாவி கொடுப்பார். எட்டு நாள் ஓடுகிறதை ஏழாவது நாளே முறுக்குவது வழக்கம், ஒரு நாள் கையிருப்பு. அந்த நாளில் நீங்கள் அங்கே இருந்தால் மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் கதவுகள் திறக்கும், உள்ளே இருப்பது தெரியும். சாவி கொடுக்கிறவர்தான் அந்தக் கட்டிடத்திலேயே கடிகாரம் தெரிந்தவர். அவரிடம் "ஐயா, இதுல எது உங்களை ரொம்பப் படுத்துது?" என்று கேட்டுப் பாருங்கள். பலகையில் எழுதாத விஷயமெல்லாம் வெளியே வரும். அவர் கையில் சாவி இருக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

போனில் எடுத்தவருக்குத் தெரியவில்லையென்றால் விடாதீர்கள், யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். ஒரு மியூசியத்தில் எனக்குக் கிடைத்த பதில், "எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு, ஓடாது." பெயர் வேண்டாம், விடுங்கள்.

கடிகாரத்தின் முன்னால் நின்று என்ன பார்ப்பது

டயலை முதலில் பார்க்காதீர்கள். பீங்கான், தந்தம், தங்க முலாம் எல்லாம் பெட்டி செய்தவர் வேலை. நான் பார்க்கிற வரிசை வேறு.

முதலில், எது ஓட்டுகிறது? எடை தொங்குகிறதா, இல்லை சுருள் ஸ்பிரிங்கா? நெட்டைப் பெட்டி என்றால் பெரும்பாலும் எடை. ஈயக்குண்டு மெல்லக் கீழே இறங்குவதுதான் அதற்குச் சாப்பாடு. மேஜைக் கடிகாரம் என்றால் மெயின் ஸ்பிரிங். எடை கடைசி வரை ஒரே சீராக இழுக்கும். ஸ்பிரிங் அப்படியில்லை, முறுக்கியதும் வேகமாகவும் போகப் போகச் சோர்ந்தும் இழுக்கும். இதைச் சரிக்கட்டச் சில கடிகாரங்களில் கூம்பு வடிவ உருளை ஒன்று வைத்து, அதில் மெல்லிய சங்கிலி சுற்றியிருப்பார்கள். முழு முறுக்கில் சங்கிலி கூம்பின் ஒடுங்கிய பக்கம் இழுக்கும், முறுக்கு தளர்ந்ததும் அகன்ற பக்கம் இழுக்கும். அந்தச் சங்கிலியைக் கண்டால் குனிந்து நன்றாகப் பாருங்கள். பாக்கெட் வாட்சில் என்றால் ஒவ்வொரு கண்ணியும் எள்ளைவிடச் சின்னதாக இருக்கும், எல்லாம் கையால் செய்தது.

அடுத்து, எது தடுக்கிறது? எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் மொத்தச் சக்தியையும் ஒரே மூச்சில் கொட்டிவிட ஆசை. ரேஷன் கடையில் ஒருவர் ஒருவராக உள்ளே விடுகிற மாதிரி, பல்சக்கரத்தின் பற்களை ஒன்றொன்றாக விடுகிற வேலை எஸ்கேப்மென்ட்டுடையது. பெண்டுலத்துக்கு மேலே நங்கூரம் போல வளைந்த ஒரு எஃகுத் துண்டு தெரியும். அதன் ஒரு நுனி பல்லைப் பிடிக்கும்போது ஒரு சத்தம், விட்டு மறு நுனி அடுத்த பல்லைப் பிடிக்கும்போது இன்னொரு சத்தம். நாம் கேட்கிற டிக் டிக் இதுதான். சத்தம் வருவது சக்கரம் சுற்றும்போது அல்ல, நிற்கும்போது.

இங்கே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேளுங்கள். இரண்டு சத்தத்துக்கும் நடுவே இடைவெளி சமமாக இருந்தால் கடிகாரம் நேராக நிற்கிறது என்று பொருள். டிக்-டக்... டிக்-டக்... என்று இழுத்து இழுத்துக் கேட்டால் நொண்டுகிறது. கடைக்கு வருகிற சுவர்க் கடிகாரங்களில் பாதிக்கு இதுதான் நோய்; ஆணியில் கோணலாக மாட்டியிருப்பார்கள், கொஞ்சம் நகர்த்திவிட்டால் ஓட ஆரம்பித்துவிடும். அதற்குக் காசு வாங்க எனக்கே கூச்சமாக இருக்கும். மியூசியத்தில் நொண்டுகிற கடிகாரம் கண்ணில் பட்டால் ஊழியரிடம் சொல்லுங்கள், நீங்களே கையை வைக்காதீர்கள்.

முள்ளுக்கு இப்போது வாருங்கள். மிகப் பழைய கடிகாரத்தில் ஒரே ஒரு முள்தான் இருக்கும். உடைந்துபோனது என்று நினைக்க வேண்டாம். நாளுக்குக் கால் மணி நேரம் முன்பின் ஓடுகிற ஒன்றுக்கு நிமிட முள் எதற்கு? ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் 1656-இல் பெண்டுலத்தைக் கடிகாரத்தோடு சேர்த்த பிறகு பிழை நாளுக்கு ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்தது. அதற்கு அப்புறம்தான் நிமிட முள் வழக்கத்துக்கு வந்தது. ஆக ஒற்றை முள்ளா, இரட்டை முள்ளா என்று பார்த்தாலே கடிகாரத்தின் காலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். ரோமன் எழுத்தில் நாலை நாலு கோடாகப் போட்டிருப்பதைக் கைடு பத்து நிமிடம் விளக்குவார், தலையாட்டிவிட்டு நகருங்கள்.

மணி அடிப்பதைப் பார்க்க முடிந்தால் விடாதீர்கள். பின்பக்கம் தெரிகிற மாதிரி வைத்திருந்தால் விளிம்பில் வெட்டுகள் உள்ள ஒரு தட்டைத் தேடுங்கள். வெட்டுகளுக்கு நடுவே உள்ள தூரம் வரவரக் கூடிக்கொண்டே போகும்: ஒன்றுக்குச் சின்னது, இரண்டுக்கு அதைவிடப் பெரியது, இப்படிப் பன்னிரண்டு வரை. ஒரு சுற்றுக்கு மொத்தம் 78 அடி. இந்தத் தட்டுக்கு முள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. போன தடவை மூன்று அடித்தால் இந்தத் தடவை நான்கு, அவ்வளவுதான் அதன் அறிவு. யாராவது முள்ளைத் தள்ளி வைத்துவிட்டால் மூன்று மணிக்கு ஏழு அடிக்கும். பேய் பிடித்துவிட்டது என்றே சொல்லி ஒரு வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மணி அடிக்கும் நெம்புகோலை விரலால் தூக்கித் தூக்கி விட்டு, சரியான எண்ணிக்கை வரும்வரை அடிக்க வைத்தால் முடிந்தது. பின்னாளில் வந்த அமைப்பில் இந்தத் தொல்லை இல்லை. மணி முள்ளோடு சேர்ந்து சுற்றுகிற, படிப்படியாக வெட்டிய நத்தை வடிவத் துண்டு எத்தனை அடிப்பது என்பதைப் பார்த்துக்கொள்ளும்.

பிரான்ஸ் போனால் கொம்த்துவாஸ் கடிகாரம் எது என்று கேளுங்கள். பெசான்சோன் இருக்கிற பகுதியின் நாட்டுக் கடிகாரம் அது. மணியை ஒருமுறை அடித்துவிட்டு, ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து அதே மணியைத் திரும்ப அடிக்கும். முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காக. அடித்ததும் நகர்ந்துவிடுகிறவர்கள் இரண்டாவதைத் தவறவிடுவார்கள்.

பெண்டுலத்தைப் பற்றி ஒரு தொழில் ரகசியம். பாரிஸில் சரியாக ஓடிய பெண்டுலக் கடிகாரத்தை அப்படியே புதுச்சேரிக்குக் கொண்டுவந்தால் நாளுக்குச் சுமார் 2 நிமிடம் பின்தங்கும். பூமத்திய ரேகைப் பக்கம் வர வர ஈர்ப்பு கொஞ்சம் குறைவதால் பெண்டுலம் மெதுவாக ஆடும். 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கடிகாரத்தோடு போனபோது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமி முழு உருண்டை இல்லை என்பதற்கு அதுவே ஒரு சாட்சியானது. அதோடு நம் வெயிலில் பெண்டுலத்தின் கம்பி நீள்வதால் இன்னும் சில வினாடிகள் போகும். குண்டுக்குக் கீழே உள்ள திருகைத் திருகிக் குண்டை மேலே ஏற்றினால் வேகம் கூடும், இறக்கினால் குறையும். மியூசியத்தில் இரும்பும் பித்தளையுமாகப் பல கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய பெண்டுலத்தைக் கண்டால், அது அலங்காரத்துக்கு அல்ல. ஒரு உலோகம் கீழே நீண்டால் இன்னொன்று மேலே நீண்டு சமன் செய்துவிடும்.

கப்பல் கடிகார அறைக்குள் நுழையுமுன்

பாரிஸிலோ லண்டன் கிரீனிச்சிலோ கப்பல் கடிகாரங்களைப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தால், புதுச்சேரிக்காரர்கள் ஒரு ஆளைத் தெரிந்துவைத்துக்கொண்டு போக வேண்டும்: பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி.

சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்துபோவதைப் புதுச்சேரியிலிருந்து பார்த்து நேரம் குறிப்பதற்காக அவர் 1760-இல் பிரான்ஸிலிருந்து கிளம்பினார். பல ஊர்களிலிருந்து குறித்த நேரங்களை ஒப்பிட்டால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். அந்தச் சேதி நடுவழியில் கிடைத்ததும் கப்பல் திரும்பிவிட்டது. ஜூன் 6-ஆம் தேதி அவர் கடல் நடுவே இருந்தார். வானம் தெளிவு, வெள்ளி கடந்ததைக் கண்ணால் பார்த்தார். ஆனால் ஆடுகிற கப்பலில் பெண்டுலம் ஓடாது, தான் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையும் உறுதியாகத் தெரியாது. பார்த்தது கணக்குக்கு உதவாமல் போயிற்று.

எட்டு வருடம் கழித்து இன்னொரு முறை வெள்ளி கடக்கும். காத்திருந்தார். 1768-இல் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. இடிந்த கோட்டைச் சிதைவின் மேல் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். இன்றைய பாரதி பூங்கா வட்டாரத்தில்தான் அந்தக் கோட்டை நின்றது. 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771-இல் ஊர் திரும்பினால் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, அறிவியல் கழகத்தில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள், சொத்தைப் பங்கு போடச் சொந்தக்காரர்கள் தயாராக இருந்தார்கள்.

இங்கே இருந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. சோழிகளை வைத்து, வாய்பாட்டை மனப்பாடமாகச் சொல்லி கிரகணம் கணிக்கிற தமிழர்களிடம் அந்த முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவை அந்தத் தமிழ்க் கணிதம் 41 வினாடி குறைத்துச் சொன்னது; ஐரோப்பாவில் அப்போது பெயர்பெற்ற மாயரின் அட்டவணை 68 வினாடி கூட்டிச் சொன்னது. இதை எழுதிவைத்தவர் லெ ஜாந்தியேதான். கடைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். கிளம்பிய ஊரின் நேரத்தைக் கடலிலும் பிசகாமல் காட்டுகிற கடிகாரம் இருந்தால், அதைச் சூரியன் காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டுக் கப்பல் நிற்கும் தீர்க்கரேகையைக் கணக்கிட்டுவிடலாம். லெ ஜாந்தி கடலில் தவித்த அதே 1761-ஆம் வருட நவம்பரில், ஜான் ஹாரிசன் செய்த கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அவர் மகன் இங்கிலாந்திலிருந்து ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். பெண்டுலம் இல்லாத, குறுக்களவு சுமார் 13 செ.மீ. உள்ள பெரிய வாட்ச் அது. 81 நாள் கடல் பயணத்துக்குப் பிறகு பிழை சுமார் 5 வினாடி. அந்த எச்4 இன்றும் கிரீனிச்சில் இருக்கிறது. அதற்கு முந்தைய மூன்று பெரிய கடிகாரங்களையும் அங்கே ஓட்டத்தில் வைத்திருக்கிறார்கள். எச்4-ஐ மட்டும் ஓட்டுவதில்லை; அதற்கு எண்ணெய் வேண்டும், ஓட்டினால் தேயும். ஓடுகிற மூன்றுக்கும் முன்னால் நேரத்தைச் செலவழியுங்கள். பாரிஸ் ஆர் எ மெத்தியேவில் பெர்த்தூ செய்த கப்பல் கடிகாரங்களைப் பார்க்கலாம், பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரோடு போட்டி போட்டுச் செய்தவை.

கொடைக்கானலைப் பாக்கி வைத்திருந்தேன். 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைந்த ஆய்வுக்கூடத்தின் கருவிகளில் லண்டன் ஜான் ஷெல்டன் செய்த பெண்டுலக் கடிகாரமும் ஒன்று. அந்த ஆய்வுப் பணி 1899-இல் மலைக்கு மாறியபோது அதுவும் கொடைக்கானலுக்குப் போனது. லெ ஜாந்திக்கு மேகம் மறைத்த அதே வெள்ளிக் கடப்பை 1769-இல் கேப்டன் குக் தாஹிதித் தீவில் பார்த்தாரே, அப்போது அவர் கொண்டுபோனதும் ஷெல்டன் கடிகாரம்தான். கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆய்வு மையத்துக்குப் பகல் ஒன்றை ஒதுக்கி, ஷெல்டன் கடிகாரத்தைப் பார்க்க முடியுமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்பவரைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

சின்னச் சின்ன விஷயங்கள்

படம் எடுக்க அனுமதி இருந்தாலும் பிளாஷ் வேண்டாம். படத்தைவிட வீடியோ நல்லது, அதிலும் சத்தத்துக்காக. ஒரு நிமிடம் பேசாமல் எடுத்தால் வீட்டுக்கு வந்து அந்த ஓட்டத்தைத் திரும்பக் கேட்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஒரு நிமிடத்தில் எத்தனை டிக் என்று எண்ணச் சொல்லுங்கள். நெட்டைப் பெட்டிக்குப் பெரும்பாலும் 60 வரும், பெண்டுலம் ஏறக்குறைய ஒரு மீட்டர். சின்னச் சுவர்க் கடிகாரத்துக்கு நூறைத் தாண்டும். பெண்டுலம் குட்டையானால் வேகம் என்பதை யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளே தண்ணீர் பாட்டிலை விட மாட்டார்கள், வாசலிலேயே குடித்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்த பிறகு

கடிகார மியூசியம் பார்த்துவிட்டு வந்தவர்கள் அடுத்த ஞாயிறே பரணிலிருந்து தாத்தா காலத்துக் கடிகாரத்தை இறக்கிவிடுவார்கள். இறக்குங்கள், ஆனால் உடனே சாவி கொடுக்காதீர்கள். கடற்கரைக் காற்றுப் பட்ட ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். முறுக்கும்போது அறுந்தால் பல்சக்கரத்தின் பற்களையும் சேர்த்துக் கொண்டுபோகும், விரலையும் கிழிக்கும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்பிரேயும் வேண்டாம். எல்லாம் தூசியைப் பிடித்துப் பசையாகி, நான் கழுவி எடுப்பதற்குள் இரட்டைச் செலவு.

கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். மாட்டியபடியே ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தால் அது தொங்குகிற மெல்லிய தகடு வழியிலேயே ஒடிந்துவிடும், அளவான தகடு கிடைப்பது இப்போது லேசில்லை. சாவி தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. பெட்டிக்குள்ளே பழைய ரசீதோ பழுதுபார்த்தவர் கீறிவைத்த தேதியோ இருந்தால் தூசி தட்டுகிறேன் என்று அதைத் துடைத்துவிடாதீர்கள்.